கடைக்குப் பேர் வந்த விதம்

(சேத்துப்பட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் சாராயக்கடையின் பேர் என்பதாகும். தலைவர் அவர்கள் இதைச் சொன்னவுடன் முன்வரிசையில் இரண்டொருவர் சிரித்ததைப் பார்த்தோம். குடிக்காதே என்று சொல்ல வந்த மனுஷன் பேரைப்பற்றி என்ன பேசப்போகிறான் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். தோழர்களே! குடிக்காதே என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. குடி கேடு என்பதைப் புட்டியின் மேலேயே அச்சடித்து விற்கிறார்கள். விற்கிறவனே சொல்லியும் கேட்காதவர்களுக்கு நாம் சொல்லி என்ன ஆகிவிடப்போகிறது? கடை யாருடையது, அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, அதன் வரும்படி யாருக்குப் போகிறது என்கிற சங்கதிகளை அதன் பேர் எப்படி மறைக்கிறது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

பேர் என்பது மனுஷனை எவ்வளவு சுலபத்தில் ஏமாற்றும் என்பதற்கு உங்கள் ஊரின் பேரே போதும். சேத்துப்பட்டு என்பதில் பட்டு இருக்கிறது. ஆரணிச் சீமையில் பட்டு நெசவும் இருக்கிறது. ஆகவே பட்டுச் சேலையால் வந்த பேர் என்று ஒருவர் சொன்னால் பத்துப் பேர் தலையை ஆட்டிவிடுவார்கள். அப்படியானால் செங்கற்பட்டில் எந்தப் பட்டு நெய்தார்கள்? பட்டு என்றால் சிற்றூர் என்றும் ஒரு பொருள் தமிழ் அகராதியிலேயே இருக்கிறது. அகராதியைப் புரட்டக் கால் மணி நேரம் ஆகும். கதை கட்ட அரை நிமிஷம் போதும். ஆனபடியால் கதைதான் முந்திக்கொள்ளுகிறது.

நிற்க. நமது சொந்த அனுபவம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் பிறந்த ஊர் இங்கிருந்து அதிக தூரம் இல்லை. நெசவுக் குடும்பம். எட்டாவதுக்கு மேல் நாம் பள்ளிக்கூடம் போனதில்லை. 1985, 86-ம் வருஷங்களில் நமக்கு ஏழெட்டு வயதிருக்கும். அப்போது சாராயக்கடைகளை ஏலத்தில் எடுத்து நடத்தி வந்தார்கள். எங்கள் தெருக் கோடியிலும் ஒரு கடை இருந்தது. அதற்குச் "சாமி கடை" என்று பேர். நமது தகப்பனார் சேலை அறுத்துக் கூலி வாங்கிய அன்றெல்லாம் இரவு அந்தக் கடையிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வருவது நமது வேலை. கூலியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி பழைய அட்வான்சுக்குப் போய்விடும். பகலெல்லாம் தார் சுற்றிய தாயாருக்கு மிஞ்சுவது அடுப்புச் சாம்பல்தான்.

ஒரு நாள் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிக் குத்தகைக்காரரிடம் போனார்கள். தாயாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாமும் போனோம். "சாமி, கடையை மூட வேணாம் சாமி. கொஞ்சம் எட்டத் தள்ளி வச்சிக்குங்க சாமி. வூட்டு வாசல்ல இருக்குதுங்க" என்று கையெடுத்துக் கேட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. மிகவும் சாந்தமாக, "தாயே, இது நான் வச்ச கடையா? சாமி கனவுல வந்து இடத்தைக் காட்டி வச்ச கடை. அதனாலதான் சாமி கடைன்னு பேரு. நகர்த்தினா ஊருக்கு ஆகாது" என்றார். அவ்வளவுதான், பெண்கள் வாயடைத்துத் திரும்பினார்கள். வரும் வழியில், தெரியாமல் கேட்டுவிட்டோம் என்று நமது தாயாரே அந்தக் கடையோரத்தில் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார்கள்.

பிறகு 1987-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் சாராயமும் கள்ளும் கூடாது என்று சர்க்கார் உத்தரவு வந்தது. சாமி கடை ஒரே நாளில் மூடப்பட்டது. ஊருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மழை பெய்தது, தறி ஓடியது.

இருபது வருஷம் கழித்து, அந்தக் கடையில் சாராயம் அளந்து ஊற்றிக்கொண்டிருந்த கிழவரைச் சந்தித்தோம். "பெரியவரே, சாமி எப்படிக் கனவில் வந்தது?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "கனவாவது ஒண்ணாவது தம்பி! நீங்கள்லாம் குத்தகைக்காரரைச் சாமி சாமின்னுதானே கூப்பிட்டீங்க? அதனால அது சாமி கடை. கனவுக் கதையெல்லாம் பொம்பளைங்க வந்து கேட்டப்புறம் வந்தது" என்றார்.

தோழர்களே! அன்று நமது தாயார் கையெடுத்துப் பேசிய வார்த்தையில் எத்தனை "சாமி" இருந்தது என்பதைக் கவனித்தீர்களா? அந்தப் பேரின் வரலாறு முழுவதும் அந்த அம்மாளின் வாயிலேயே இருந்தது. பணக்காரனைச் சாமி என்று கூப்பிட்ட பழக்கத்தால் கடைக்குப் பேர் வந்தது. அந்தப் பேருக்கு ஒரு கதை கட்டி, கூப்பிட்டவர்களின் வாயையே அதைக்கொண்டு அடைத்தார்கள். இதுதான் பேரின் யோக்கியதை!

இது ஏதோ படிப்பில்லாத நம் ஊரில்தான் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டன் பட்டணத்துக்குத் தெற்கே, அக்காலத்தில் புறநகராக இருந்த நியூயிங்டன் என்ற இடத்தில் ஒரு மதுக்கடை இருந்தது. அதன் பேர் "எலிபெண்ட் அண்டு காசில்", அதாவது "யானையும் கோட்டையும்" என்பது. அந்தக் கடையின் பேரே சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் பேராகி, 1890-ல் அங்கே பூமிக்கடியில் ஓடும் ரயிலுக்கு ஸ்டேஷன் வைத்தபோது அதற்கும் அந்தப் பேரையே வைத்தார்கள். யானை இல்லாத தேசத்தில் மதுக்கடைக்கு யானை ஏன் வந்தது?

அதற்கு அங்கே ஒரு ஸ்தலபுராணம் இருக்கிறது. ஸ்பெயின் தேசத்து ராஜகுமாரிக்கு "இன்ஃபாண்டா" என்று பட்டம். காஸ்டீல் ராஜ்யத்து இன்ஃபாண்டா ஒருத்தி அங்கே வந்து தங்கினாளாம். "இன்ஃபாண்டா டி காஸ்டீல்" என்ற பேர் இங்கிலீஷ்காரன் வாயில் நுழையாமல் "எலிபெண்ட் அண்டு காசில்" என்று ஆகிவிட்டதாம். அந்த ராஜகுமாரி முதலாம் எட்வர்டு ராஜாவின் மனைவி எலினார் என்று ஒரு கூட்டம் சொல்லும். இல்லை, 1623-ல் பேசி முறிந்துபோன கலியாணத்தின் ஸ்பெயின் பெண் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். நம் ஊர்ப் புராணங்களைப் போலவே அதற்கும் இரண்டு மூன்று பாடம் உண்டு.

ஆனால் அங்கே சிலர் கதையைக் கேட்டு வாயைப் பிளக்காமல் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டினார்கள். எலினார் ராணி செத்தது 1290-ல். கடையின் பேர் முதன்முதலில் எழுத்தில் காணப்படுவது 1765-ம் வருஷத்து வால்வொர்த் மிராசுக் கோர்ட்டுப் புஸ்தகத்தில். நடுவில் 475 வருஷம்! இவ்வளவு காலம் அந்த ராஜகுமாரி எங்கே ஒளிந்திருந்தாள்? மேலும் கடை வருவதற்கு முன் அந்த இடத்தில் கத்தி செய்கிற கொல்லன் பட்டறை இருந்தது என்றும் தெரிந்தது. லண்டன் கத்தி வேலைக்காரர் சங்கத்தின் சின்னத்தில் முதுகில் கோட்டையைச் சுமந்த யானை உண்டு. கத்திப் பிடிகளுக்கு யானைத் தந்தம் வேண்டியிருந்ததால் யானை அவர்கள் சின்னமாயிற்று. அது சுமக்கும் கோட்டையோ, யுத்த யானையின் மேல் கட்டும் அம்பாரியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எழுதிய படம். ஆகவே ராஜகுமாரியைவிடக் கொல்லன் பட்டறையே இந்தப் பேருக்குப் பொருத்தமான காரணம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள்.

ராஜகுமாரி தங்கிய கடை என்றால் பெருமை, கொல்லன் இருந்த இடம் என்றால் பெருமையில்லை. கதை எப்போதும் பெருமையுள்ள பக்கமே சாயும். உழைத்தவன் மறைந்துபோவான்.

நமக்குக் கிட்டத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டை என்று ஒரு இடம் இருக்கிறது. பேரைக் கேட்டால் எந்தச் சாமியின் காலடி என்று தேடத் தோன்றும். காலும் இல்லை, அடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கும்பினி கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்ற வெள்ளைக்காரர் நெசவாளிகளைக் குடிவைத்த பேட்டை அது. காலெட் பேட்டை ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அங்கும் குடிவைத்த கவர்னரின் பேராவது பாதி மிஞ்சியிருக்கிறது. நெய்தவர்களின் பேர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இனி நம் நாட்டுக் கடைகளின் பேருக்கு வருவோம்.

இங்கிலாந்தில் 1393-ம் வருஷத்திலேயே இரண்டாம் ரிச்சர்டு ராஜா, மது விற்கிறவன் கடை வாசலில் அடையாளம் வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். எழுத்துத் தெரியாத ஜனங்களுக்கும், சரக்கைச் சோதிக்க வரும் உத்தியோகஸ்தனுக்கும் கடை தெரியவேண்டும் என்பது காரணம். அதனால்தான் அங்கே சிங்கம், யானை, கிரீடம் என்று படம் போட்ட பேர்கள் வந்தன. நம் நாட்டில் அதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் முன்பே காவிரிப்பூம்பட்டினத்துக் கள்ளுக்கடையில் கொடி பறந்ததாகப் பட்டினப்பாலையில் இருக்கிறது. இங்கே கள் விற்கிறது என்பதை மறைக்காத அடையாளம் அது. கள்ளுக்கடை என்ற பேரும் அப்படித்தான். விற்பது எதுவோ அதுவே பேர். அதில் சூது இல்லை.

சூது எப்போது வந்தது? சர்க்காருக்கு வரும்படி வர ஆரம்பித்தபோது வந்தது. வெள்ளைக்கார சர்க்கார் 1886-ம் வருஷத்தில் சென்னை ஆப்காரிச் சட்டம் செய்தது. ஆப்காரி என்றால் என்ன தெரியுமா? அது பார்சி வார்த்தை. ஆப் என்றால் தண்ணீர், காரி என்றால் வேலை. கள்ளு சாராய இலாகாவுக்குச் சர்க்கார் வைத்த பேர் "தண்ணீர் வேலை"! இன்றைக்குக் குடிக்கப் போகிறவன் பெண்சாதியிடம் சாராயம் என்று சொல்லக் கூச்சப்பட்டு "தண்ணி" என்கிறான். அவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவனுக்கு முன்னாலேயே சர்க்கார் அதே கூச்சத்தில் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறது. ஆனால் குடிகாரன் கூலியை இழந்துவிட்டுச் சொன்னான், சர்க்கார் பணத்தை வாங்கிக்கொண்டு சொல்லிற்று.

இந்தத் தண்ணீர் வேலையை எதிர்த்து 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. நாகம்மையாரும் கண்ணம்மாளும் வீதிக்கு வந்து மறியல் செய்தார்கள். ஈ.வெ.ரா. கள் இறக்கப் பயன்படுகிறதே என்று தமது தோப்பில் இருந்த தென்னை மரங்களை வெட்டித் தள்ளினார். பின்னாளில் அவரே சட்டத்தால் குடியை நிறுத்த முடியாது என்ற அபிப்பிராயத்துக்கு வந்து, அதையும் ஒளிக்காமல் சொன்னார். 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு ஆரம்பித்தது. அடுத்த இரண்டு வருஷத்துக்குள் சித்தூருக்கும் கடப்பைக்கும், பிறகு உங்கள் ஊர் அடங்கிய அன்றைய வட ஆற்காடு ஜில்லாவுக்கும் அது வந்தது. கள்ளு வரும்படி போன நஷ்டத்துக்கு ஈடாக 1939-ல் விற்பனை வரி வந்தது. யுத்த காலத்தில் கடைகள் திறந்தன. 1948-ல் ராஜதானி முழுவதும் மூடின. மதுவிலக்கு 1971-ல் தளர்ந்து, 1974-ல் திரும்பி வந்து, 1981-ல் மறுபடி போயிற்று. விற்பனை வரியோ ஒரு நாளும் போகவில்லை.

1987-ல் சாராயக்கடை மூடியபிறகு வந்த பேர் "ஒயின் ஷாப்" என்பது. ஒயின் என்றால் திராட்சை ரசத்தைப் புளிக்கவைத்துச் செய்வது. நமது தெருக்காரர்கள் அந்தக் கடைகளில் வாங்கியது பிராந்தியும் ரம்முமே. கள்ளுக்கடையில் கள்ளாவது இருந்தது. ஒயின் ஷாப்பில் ஒயினைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனாலும் சாராயக்கடைக்குப் போகிறவன் என்றால் கேவலம், ஒயின் ஷாப்புக்குப் போகிறவன் என்றால் நாகரிகம் என்று ஆயிற்று. குடலுக்குள் போனபிறகு இங்கிலீஷ் பேர் என்ன செய்யும்?

அதன்பிறகு 2003-ம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி முதல் சில்லறை விற்பனையை சர்க்கார் கம்பெனியே எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பெனி 1983-லேயே ஏற்பட்டது. அதன் பேர் "தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம்". அதன் இங்கிலீஷ் பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் டாஸ்மாக். தோழர்களே! அந்தப் பேரை முன்னிருந்து பின்னாக, பின்னிருந்து முன்னாக எப்படிப் படித்தாலும் மது என்ற வார்த்தை அகப்படாது. மாநிலம் இருக்கிறது, வாணிபம் இருக்கிறது, கழகம் இருக்கிறது. உப்பு விற்கிற கம்பெனி என்றும் சொல்லலாம், பருத்தி விற்கிற கம்பெனி என்றும் சொல்லலாம். ஆனால் ஜனங்களின் புத்தி சர்க்காரின் புத்திக்கு இளைத்ததல்ல. இருபது வருஷத்துக்குள் டாஸ்மாக் என்றாலே சாராயக்கடை என்று ஆக்கிவிட்டார்கள். மறைப்பதற்கு வைத்த பேர் அதையே பறைசாற்றுகிற பேர் ஆகிவிட்டது.

அந்தக் கடைக்குத் தனிப் பேர் கிடையாது. நம்பர்தான் உண்டு. ஒரு விதத்தில் இது சாமி கடையைவிட யோக்கியமானது. கனவில் வந்த கதையை நம்பர் சொல்லாது. நம்பரைப் பிடித்துக்கொண்டு போனால் அதன் வரும்படி எங்கே போகிறது என்பதும் தெரியும். 2023-24-ம் வருஷத்தில் மது மூலம் தமிழ்நாட்டு சர்க்காருக்கு வந்த வரும்படி 45,000 கோடி ரூபாய்க்கு மேல். எந்தக் கோயில் உண்டியலிலும் இவ்வளவு விழுந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. இதில் உங்கள் தறிக்கூலி எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேர் மாற்றுகிற வித்தை கடையோடு நிற்கவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிற்று. சண்டிகரில் என்ன செய்தார்கள் தெரியுமா? கடையை நகர்த்தவில்லை. ரோட்டின் பேரை மாற்றினார்கள். மாநில நெடுஞ்சாலையாக இருந்தது ஒரே உத்தரவில் ஜில்லா ரோடு ஆயிற்று. ரோடு இருந்த இடத்திலேயே இருந்தது, கடையும் இருந்த இடத்திலேயே இருந்தது, அதே லாரிகள் ஓடின. 2017 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. கனவில் வந்து இடம் காட்டிய சாமிகூட இவ்வளவு லேசாகக் காரியத்தை முடித்திருக்காது!

இன்னொரு ஆபத்தையும் சொல்லவேண்டும். பேர் ஒன்றாயிருந்தால் பொருளும் ஒன்று என்று நம்பி உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூன் மாதத்தில் நமக்குப் பக்கத்துச் சீமையான கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்கள் குடித்ததற்கும் சாராயம் என்றுதான் பேர். உள்ளே இருந்ததோ தொழிற்சாலைக்கு உபயோகிக்கும் மெத்தனால். அது கண்ணுக்குத் தண்ணீர்போல் இருக்கும். ஈரலுக்குப் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறும், எறும்புக் கடியில் இருக்கிற அதே அமிலம். அது கண் நரம்பைக் கெடுத்து, மூச்சையும் கெடுத்து ஆளைக் கொல்லும். குடித்தவனுக்குக் கண் மங்கினால், வயிறு வலித்தால், போதை தெளியட்டும் என்று படுக்கவைத்து மோர் கொடுத்துக்கொண்டிராதீர்கள். வெட்கப்படாமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சீக்கிரம் போனால் மாற்று மருந்துக்கு வழியுண்டு. நேரங்கடந்தால் உயிர் பிழைத்தாலும் கண் போய்விடும்.

ஆகவே தோழர்களே! எந்தப் பேரைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். இந்தப் பேர் எப்போது முதல் எழுத்தில் இருக்கிறது? இதற்குச் சொல்லும் கதையால் லாபம் யாருக்கு? கதையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன நிற்கிறது? லண்டன் ராஜகுமாரி முதல் கேள்வியிலேயே விழுந்தாள். எங்கள் ஊர்ச் சாமி இரண்டாவது கேள்வியில் விழுந்தது. மூன்றாவது கேள்வியைக் கேட்டால் எல்லா இடத்திலும் மிச்சம் நிற்பது ஒரு கடையும், ஒரு கல்லாவும், கூலியைக் கொண்டுபோய்ப் போடுகிற ஒரு தொழிலாளியும்தான்.

முடிவாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நமது தாயார் காலத்தில் குத்தகைக்காரரைக் கும்பிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது. இப்போது அது வேண்டியதில்லை. 2003-ம் வருஷத்து மதுபானச் சில்லறை விற்பனை விதிகளில், கார்ப்பரேஷன், முனிசிபாலிட்டிகளில் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் 50 மீட்டருக்குள்ளும், மற்ற ஊர்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக் கூடாது என்று இருக்கிறது. பேரூராட்சியும் கிராமமும் மற்ற ஊர்களில் சேர்ந்தவை. ஆகவே கடையின் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள், நூலைப் பிடித்து அளந்து பாருங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி எழுதுங்கள், கலெக்டருக்கு மனு கொடுங்கள். பாவு ஓட்டத் தெரிந்த உங்களுக்கு 100 மீட்டர் அளக்கத் தெரியாதா?

அதே விதியில் இன்னொன்றையும் கவனியுங்கள். கோயிலைச் சொன்னவர்கள், பள்ளிக்கூடத்தைச் சொன்னவர்கள், வீட்டைச் சொல்லவில்லை. அன்று எங்கள் ஊரில் சாமி பேரைச் சொல்லிக் கடையை வைத்தார்கள். இன்று சாமி இருக்கும் இடத்தைச் சொல்லிக் கடையை நகர்த்தலாம். ஆனால் "வூட்டு வாசல்ல இருக்குதுங்க" என்று அந்தப் பதினைந்து பெண்கள் சொன்னார்களே, அந்த வாசலுக்கு இன்னும் யாரும் மீட்டர் கணக்கு எழுதவில்லை. அதை எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியது நீங்கள்தான். கேட்கும்போது யாரையும் சாமி என்று கூப்பிட்டுக் கேட்காதீர்கள்.

நாம் சொன்னதை எல்லாம் அப்படியே நம்பிவிடவேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு இதை முடித்துக்கொள்ளுகிறோம்.